ஃபீபியில் இறங்குவது எப்படி: சனியின் எதிர்த்திசை நிலாவுக்கு ஒரு சிமுலேட்டர் வழிகாட்டி

கணினியில் விண்கலம் ஓட்டிப் பழகும் ஆர்பிட்டர் சிமுலேட்டரில் நம் நிலாவைச் சுற்றி வந்தாயிற்று, விண்வெளி நிலையத்தோடு இணையவும் கை பழகிவிட்டது. அடுத்து எங்கே போவது? சேலம் கன்னங்குறிச்சியில் ஞாயிறு மாலைகளில் லேப்டாப்போடு என் வீட்டில் கூடும் கல்லூரிப் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது, செவ்வாய் என்று சொல்வேன் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். நான் ஃபீபி என்பேன். சனியை வெகு தொலைவில், மற்ற பெரிய நிலாக்களுக்கு நேர் எதிர்த்திசையில் சுற்றும் சின்ன நிலா அது. செவ்வாய்க்குப் போனால் செவ்வாயே உங்களை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், காற்றும் வேகத்தைக் குறைத்துத் தரும். ஃபீபி எதுவும் தராது. எல்லாக் கணக்கையும் நீங்களே போட்டாக வேண்டும்.

ஒரு விஷயத்தை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபீபியை நிலா என்று நினைக்காதீர்கள். தூரத்தில் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும் இன்னொரு விண்கலம் என்று நினைத்து, அதன் வேகத்துக்கு உங்கள் வேகத்தைக் கொண்டுபோய்ச் சேருங்கள். இந்தக் கட்டுரையில் இனி வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்து பிறப்பதுதான்.

இன்னொன்று, பயணத்தைக் கடைசியிலிருந்து தொடங்கிப் படியுங்கள். முதலில் இறங்கப் பழக வேண்டும். அப்புறம் பக்கத்தில் போய்ச் சேர்வது, அப்புறம் சனியிடம் வந்து வேகம் குறைப்பது. பூமியிலிருந்து கிளம்புவது கடைசிப் பாடம். பூமியிலிருந்து தொடங்கும் புதியவர்கள் ஆறு வருடப் பயணத்தை ஓட்டி முடித்து, இறங்கத் தெரியாமல் நின்றுவிடுகிறார்கள்.

ஃபீபி எப்படிப்பட்டது

1898 ஆகஸ்டில் பெரு நாட்டின் அரெகிப்பாவில் எடுத்த ஒளிப்படத் தகடுகளைப் பார்த்து, வில்லியம் பிக்கரிங் 1899இல் இதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். ஒளிப்படத்தின் மூலம் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட நிலா இதுதான். சராசரி விட்டம் சுமார் 213 கி.மீ. சேலத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சனியிலிருந்து சராசரியாக 1 கோடியே 29 லட்சம் கி.மீ. தள்ளி, சுமார் 550 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. பாதை நல்ல வட்டமும் இல்லை. கிட்டே வரும்போது ஏறக்குறைய 1 கோடியே 8 லட்சம் கி.மீ., தள்ளிப் போகும்போது 1 கோடியே 50 லட்சம் கி.மீ.

பாதையின் சாய்வு சுமார் 175 டிகிரி. 90 டிகிரியைத் தாண்டினாலே எதிர்த்திசைச் சுற்று என்று அர்த்தம். கிரகத்தோடு கூடவே பிறந்த நிலா இப்படிச் சுற்றாது. வேறெங்கோ உருவாகி, பிற்பாடு சனியிடம் சிக்கிக்கொண்ட பொருள் என்றுதான் ஃபீபியைக் கருதுகிறார்கள். இப்படித் தொலைவில், சாய்ந்து, நீண்ட பாதைகளில் சுற்றுபவற்றை ஒழுங்கற்ற நிலாக்கள் என்று சொல்கிறோம். 2025 மார்ச்சில் சனிக்கு 128 புதிய நிலாக்கள் அறிவிக்கப்பட்டு மொத்தம் 274 ஆனது. அந்த 128-ம் இந்த வகைதான். இந்தக் கூட்டத்தில் ஃபீபி பெரியது. அதோடு, அருகில் போய் நன்றாகப் படமெடுக்கப்பட்டதும் இதுதான். காசினி விண்கலம் 2004 ஜூன் 11 அன்று 2,068 கி.மீ. உயரத்தில் இதைக் கடந்து போனது.

ஏற்காட்டில் லேடிஸ் சீட் பக்கம் மேகம் இல்லாத இரவில் ஒரு சுமாரான தொலைநோக்கியை வைத்தால் சனியின் வளையமும் டைட்டனும் தெரியும். ஃபீபி தெரியாது. அதன் ஒளி 16ஆம் அளவுக்கும் மங்கல் (எண் கூடக் கூட ஒளி மங்கும்). நம் ஊர்ப் பிள்ளைகள் அதன் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் சிமுலேட்டர்தான் வழி.

என்ன வேண்டும்

ஆர்பிட்டர் இலவசம். மார்ட்டின் ஷ்வைகர் எழுதியது, 2000இல் முதலில் வெளிவந்தது, 2021இல் மூல நிரலும் திறந்துவிடப்பட்டது. விண்டோஸ் இருந்தால் போதும். உயர்தரப் படத்தொகுப்புகளை இறக்காமல் அடிப்படைத் தொகுப்பை மட்டும் நிறுவினால், அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பிலும் ஓட்டிப் பார்க்கலாம். கரண்ட் போவதைப் பற்றி நம்மூரில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினை இயக்கி வேகத்தை மாற்றும் ஒவ்வொரு எரிப்புக்கு முன்னும் பின்னும் கன்ட்ரோல்-எஸ் அழுத்திச் சேமித்துவிடுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம் வைத்திருப்பவர்கள் முதலில் அதில் ஈவ் கிரகத்தின் கில்லி நிலாவில் இறங்கிப் பாருங்கள். கில்லியின் தரை ஈர்ப்பும் ஃபீபியின் தரை ஈர்ப்பும் ஏறக்குறைய ஒன்றுதான், விநாடிக்கு விநாடி 0.049 மீட்டர். கடைசி ஐந்நூறு மீட்டரைப் பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நிலாவைச் சிமுலேட்டருக்குள் வைப்பது

உங்கள் ஆர்பிட்டரில் சனியின் நிலாக்கள் பட்டியலில் ஃபீபி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இல்லையென்றால் நோட்பேட் போதும், நீங்களே சேர்த்துவிடலாம்.

கான்ஃபிக் கோப்புறையில் சோல் என்ற கோப்பைத் திறந்தால் சனியின் நிலாக்கள் மூன் 1, மூன் 2 என்று வரிசையாக இருக்கும். கடைசி எண்ணுக்கு அடுத்த எண் போட்டு, அதே பாணியில் ஃபீபிக்கு ஒரு வரி எழுதுங்கள். பிறகு வேறொரு நிலாவின் கோப்பைப் பிரதியெடுத்து, ஃபீபியின் பெயரில் சேமித்து, உள்ளே இருக்கும் அளவுகளை மாற்றுங்கள். அந்தக் கோப்பில் மாட்யூல் என்று தொடங்கும் வரி இருந்தால் நீக்கிவிடுங்கள். அது பழைய நிலாவின் இடத்தைக் கணக்கிடும் நிரலைக் கூப்பிடும் வரி. சுற்றுப்பாதை அளவுகள் கோப்பிலேயே உண்டு என்று சொல்லும் வரி மட்டும் ட்ரூ என்று இருக்க வேண்டும்.

அலகுகளில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். ஆர்பிட்டருக்குத் தூரம் மீட்டரில், கோணம் ரேடியனில், காலம் விநாடியில் வேண்டும். அரைப் பேரச்சு, அதாவது நீள்வட்டப் பாதையின் நீளத்தில் பாதி, 1.295 × 10¹⁰ மீட்டர். மையப்பிறழ்ச்சி, அதாவது பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு, 0.16. சாய்வு 175 டிகிரியை ரேடியனாக்கினால் 3.054. நிறை 8.29 × 10¹⁸ கிலோ. சைஸ் என்ற வரியில் ஆரத்தைப் போட வேண்டும், விட்டத்தை அல்ல: 106,500 மீட்டர். தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 9.27 மணி நேரம், அதாவது சுமார் 33,380 விநாடி.

மீதி மூன்று கோணங்கள் நீங்கள் எந்த வருடத்தில் போய்ச் சேர நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தவை. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் கணிப்பு முறையில் இவற்றை இலவசமாக எடுக்கலாம். இலக்காக 609 என்ற எண்ணைக் கொடுங்கள், அது ஃபீபி. மையமாக 699, அது சனி. சுற்றுப்பாதை அளவுகள் வேண்டும் என்று கேளுங்கள். தளம் எக்ளிப்டிக் ஆக இருக்கட்டும், அதாவது பூமி சூரியனைச் சுற்றும் தளம். கோப்பிலும் அதே தளத்தைக் குறிப்பிடுங்கள். கோப்பில் சனியின் நடுக்கோட்டுத் தளம் என்று விட்டுவிட்டால், சனி கிட்டத்தட்ட 27 டிகிரி சாய்ந்திருப்பதால் ஃபீபியின் பாதை முழுவதும் இடம் மாறிவிடும்.

ஹொரைசன்ஸ் தரும் கோணங்களை அப்படியே ஆர்பிட்டரில் போடக்கூடாது. ஹொரைசன்ஸ் ஏறு கணுவையும் (பாதை எக்ளிப்டிக் தளத்தை மேல்நோக்கிக் கடக்கும் இடம்), கணுவிலிருந்து அண்மைப் புள்ளி (பாதையில் சனிக்கு மிக அருகான இடம்) வரைக்குமான கோணத்தையும், சராசரிப் பிறழ்வையும் (அண்மைப் புள்ளியிலிருந்து நிலா நகர்ந்த அளவைச் சொல்லும் கோணம்) தனித்தனியாகத் தரும். ஆர்பிட்டரோ கூட்டிய கோணங்களைக் கேட்கும். அண்மைப் புள்ளியின் நெட்டாங்கு என்றால் முதல் இரண்டின் கூட்டல். சராசரி நெட்டாங்கு என்றால் மூன்றின் கூட்டல். 360ஐத் தாண்டினால் 360ஐக் கழித்துவிட்டு ரேடியனாக மாற்றுங்கள்.

எந்த நாளுக்கான அளவை எடுப்பது? ஃபீபியிடம் போய்ச் சேரும் நாளை ஒட்டி எடுங்கள். இப்படிக் கோப்பில் போட்ட நிலா மாறாத நீள்வட்டத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். உண்மையான ஃபீபியைச் சூரியனின் இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. பத்து, இருபது வருடம் பழைய அளவுகளைப் போட்டால் சிமுலேட்டரின் ஃபீபி ஓரிடத்திலும் வானத்து ஃபீபி வேறிடத்திலும் இருக்கும்.

சரி பார்க்க ஒரு வழி இருக்கிறது. சுற்றுப்பாதையைக் காட்டும் ஆர்பிட் எம்எஃப்டி என்ற திரையில் மையத்தைச் சனி என்றும் இலக்கை ஃபீபி என்றும் வையுங்கள். சுற்றுக்காலம் சுமார் 4 கோடியே 75 லட்சம் விநாடி, அதாவது 550 நாள் என்று வர வேண்டும். பூஜ்யம் ஒன்று கூடியோ குறைந்தோ இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். படத்தொகுப்பு இல்லாததால் ஃபீபி வெறும் உருண்டையாகத் தெரியும். பயணத்துக்கு அது தடையில்லை.

முதல் பாடம்: இறங்குதல்

கலத்தை வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைக்க உதவும் சினாரியோ எடிட்டரை மாட்யூல்கள் பக்கத்தில் இயக்கிவிட்டு, ஆர்பிட்டரோடு வரும் டெல்டா-கிளைடர் விண்கலத்தை ஃபீபிக்கு 20 கி.மீ. மேலே வட்டப் பாதையில் வையுங்கள். அங்கே சுற்றும் வேகம் விநாடிக்கு 66 மீட்டர்தான். ஒரு சுற்றுக்கு 3 மணி 20 நிமிடம் ஆகும். நம் பூமியைச் சுற்றும் கலம் விநாடிக்கு ஏழரை கி.மீ.க்கு மேல் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த 66-உடன் இன்னும் 27 மீட்டர் சேர்த்துவிட்டால் ஃபீபியை விட்டே போய்விடுவீர்கள். பிரதான எஞ்சினைத் தட்டிவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதற்குள் அவ்வளவு வேகம் ஏறிவிடும். ஆகவே இந்தப் பாடம் முழுக்கச் சின்ன த்ரஸ்டர்களில்தான் நடக்க வேண்டும். அவற்றைச் சுழலும் முறையிலிருந்து நேர்கோட்டு முறைக்கு மாற்றிவிட்டு, விட்டுவிட்டு அழுத்துங்கள்.

போகும் திசைக்கு எதிராக விநாடிக்கு 3 மீட்டர் அளவு எரித்தாலே பாதையின் அண்மைப் புள்ளி தரையைத் தொட்டுவிடும். தரையில் வைக்காமல், அந்தப் புள்ளி 2 கி.மீ. உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். அங்கே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். டி விசை நேரத்தை வேகமாக்கும், ஆர் விசை குறைக்கும். அதற்குள் அவசரப்பட்டு எதுவும் செய்ய வேண்டாம்.

2 கி.மீ. உயரத்தில் பக்கவாட்டு வேகத்தை முழுக்கக் கொல்லுங்கள். சர்ஃபேஸ் எம்எஃப்டியில் தரையைப் பொறுத்த வேகத்தைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஃபீபியின் நடுக்கோடு தானே விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது. பக்கவாட்டு வேகம் தீர்ந்ததும் கலம் விழத் தொடங்கும். விழுவது கண்ணுக்கே தெரியாது. 2 கி.மீ. விழ ஐந்து நிமிடம் கிட்டத்தட்ட ஆகிவிடும், தொடும்போது வேகம் விநாடிக்கு 14 மீட்டர். கேட்க மெதுவாக இருக்கிறது, ஆனால் அது மணிக்கு 50 கி.மீ. கலம் நொறுங்கும்.

500 மீட்டர் உயரத்துக்குள் 5 மீட்டர் வேகம், 50 மீட்டருக்குள் 1 மீட்டர், தொடும்போது அரை மீட்டருக்கும் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இவ்வளவு கறார்? விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தோடு எகிறினால், கலம் 10 மீட்டர் உயரம் எழும்பி 40 விநாடி கழித்துத்தான் திரும்பத் தரைக்கு வரும். அந்த 40 விநாடியும் அது மெல்ல உருண்டுகொண்டிருக்கும். பூமியில் 60 கிலோ இருப்பவர் அங்கே 300 கிராம்தான் கனப்பார். கலத்துக்கும் அதே கதைதான், தரையில் அழுந்தி நிற்க எடையே கிடையாது.

இறங்கியதும் மேலே எழும்பி மறுபடி 20 கி.மீ. பாதைக்குப் போங்கள். திரும்ப இறங்குங்கள். கைக்கு வரும்வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் பாடம்: பக்கத்தில் போய்ச் சேர்தல்

சினாரியோ எடிட்டரில் கலத்தை ஃபீபியிலிருந்து ஒரு லட்சம் கி.மீ. தள்ளி, விநாடிக்கு 300 மீட்டர் ஒப்பு வேகத்தோடு வையுங்கள். இங்கேதான் புதியவர்கள் திகைத்து நிற்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி திரையைக் காட்டி, "அண்ணா, ஃபீபி என்னைய இழுக்கவே மாட்டேங்குதுங்கண்ணா, பக்கத்துல வந்துட்டு அப்படியே தாண்டிப் போயிடறேன்" என்றான். "இழுக்காதுப்பா. அதுகூட நீதான் சேர்ந்து ஓடணும்" என்றேன்.

கணக்கைப் பார்த்தால் புரியும். சனியின் ஈர்ப்பை மிஞ்சி ஃபீபியின் ஈர்ப்பு ஆளும் எல்லை ஏறக்குறைய 9,500 கி.மீ. அந்த எல்லையில் ஃபீபியை விட்டுத் தப்பிப் போகத் தேவையான வேகம் விநாடிக்கு 11 மீட்டருக்கும் கீழே. தரையிலேயே 102 மீட்டர்தான். 300 மீட்டர் வேகத்தில் வரும் கலத்தை அது என்ன செய்ய முடியும்? பாதையைக் கொஞ்சம் வளைக்கும், அவ்வளவுதான்.

ஆகவே ஆர்பிட் எம்எஃப்டியின் மையத்தை ஃபீபிக்கு மாற்றுங்கள். அப்போது அது காட்டும் வேகம் ஃபீபியைப் பொறுத்த வேகம். முன்னால் தெரியும் ஹட் திரையின் மையத்தையும் ஃபீபிக்கு மாற்றி, அதில் வரும் எதிர்த்திசைக் குறிக்குக் கலத்தைக் கையால் திருப்புங்கள். எரிப்பின்போது எம்எஃப்டியில் வேகம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். குறையவில்லை என்றால் நீங்கள் ஃபீபியை வைத்துத் திரும்பவில்லை, சனியை வைத்துத் திரும்பியிருக்கிறீர்கள்.

ஒரு லட்சம் கி.மீ.யில் வேகத்தை 100 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். அந்த வேகத்தில் பதினொன்றரை நாள் பயணம் இருக்கிறது, நேரத்தை வேகமாக்கிக் கடக்கலாம். 10,000 கி.மீ.க்கு வரும்போது 20 மீட்டர் போதும். வழியில் பக்கவாட்டாகச் சின்னச் சின்ன எரிப்புகள் செய்து, அண்மைப் புள்ளியைத் தரையிலிருந்து 20 கி.மீ. உயரத்தில் வையுங்கள். அங்கே கலம் சுமார் 96 மீட்டர் வேகத்தில் வரும். 30 மீட்டர் குறைத்தால் முதல் பாடத்தின் வட்டப் பாதையில் இருப்பீர்கள்.

இங்கே நேரத்தை ஒரு லட்சம் மடங்கு வேகமாக ஓட்டாதீர்கள். இவ்வளவு மெல்லிய ஈர்ப்பில் சிமுலேட்டரின் கணக்குப் படிகள் பெரிதானால் பாதை தானாகவே ஆடிப்போகும். ஃபீபியை நெருங்க நெருங்க நூறு மடங்குக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் பாடம்: சனியிடம் வேகத்தைக் குறைப்பது

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பூமியிலிருந்து சிக்கனமான பாதையில் வந்தால், சனியை நெருங்கும்போது அதைப் பொறுத்து விநாடிக்கு சுமார் 5.4 கி.மீ. வேகம் இருக்கும். ஃபீபி சனியைச் சுற்றும் வேகம் சராசரியாக 1.7 கி.மீ. இந்த இரண்டையும் எப்படி ஒன்றாக்குவது?

நேராக ஃபீபிக்கே போவதுதான் முதலில் தோன்றும். அந்தத் தூரத்தில் உங்கள் வேகம் 5.9 கி.மீ. ஆகியிருக்கும். ஃபீபி போகும் திசையிலேயே போனால் குறைக்க வேண்டியது 4.2 கி.மீ. திசை தவறி எதிராக வந்தால் 7.6 கி.மீ. ஏற்காடு ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவரிடம், கூடவே ஏறும் பைக்கிலிருந்து ஒரு பையை நீட்டிக் கொடுத்துவிடலாம். எதிரே இறங்கி வரும் பைக்கிலிருந்து கொடுக்க முடியுமா? சனியை எந்தப் பக்கமாகச் சுற்றி வருகிறீர்கள் என்பது அவ்வளவு முக்கியம்.

நேர்வழியைவிடச் சிக்கனமானது சுற்றுவழி. சனியின் மையத்திலிருந்து 80,000 கி.மீ. வரை உள்ளே போங்கள். அங்கே வேகம் 31 கி.மீ.யைத் தாண்டும். அந்த வேகத்தில் வெறும் 0.57 கி.மீ. குறைத்தால் போதும், சனி உங்களைப் பிடித்துக்கொள்ளும். பாதை நீண்டு, அதன் சேய்மைப் புள்ளி, அதாவது சனியிலிருந்து மிகத் தள்ளிப் போகும் இடம், ஃபீபியின் தூரத்தைத் தொடும். அங்கே போகும்போது உங்கள் வேகம் 0.19 கி.மீ. மட்டும். அந்த இடத்தில் 1.5 கி.மீ. கூட்டினால் ஃபீபியோடு சேர்ந்து ஓடலாம். மொத்தம் 2.1 கி.மீ., நேர்வழியின் பாதி. காசினியும் 2004 ஜூலை 1 அன்று இப்படித்தான் சனிக்கு வெகு அருகே வந்து, 96 நிமிடம் எஞ்சினை எரித்து 626 மீட்டர் வேகத்தைக் குறைத்தது. அது எஃப், ஜி வளையங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி வழியாகப் போனது. ஆர்பிட்டரில் வளையம் வெறும் படம்தான், மோதாது. இருந்தாலும் உண்மைப் பயணம் போலவே அந்த இடைவெளியில் போகப் பழகுங்கள் என்றுதான் நான் பிள்ளைகளிடம் சொல்வேன்.

தவறிப்போய், மற்ற பெரிய நிலாக்கள் சுற்றும் நேர்த்திசையில் பிடிபட்டுவிட்டால் கலங்க வேண்டாம். சேய்மைப் புள்ளியில் வேகம் அவ்வளவு குறைவு என்பதால், அங்கே திசையைத் திருப்பக் கூடுதலாக 0.4 கி.மீ.தான் செலவாகும். சனிக்குப் பக்கத்தில் திருப்ப நினைத்தால் எந்தக் கலத்தாலும் முடியாது.

இனி முக்கியமான கேள்வி: நீங்கள் சேய்மைப் புள்ளிக்குப் போகும்போது ஃபீபி அங்கே இருக்க வேண்டுமே. உங்கள் சேய்மைப் புள்ளி, நீங்கள் சனிக்கு எந்தத் திசையிலிருந்து வந்தீர்களோ அதிலிருந்து சுமார் 20 டிகிரி தள்ளி அமையும். அதை அதிகம் மாற்ற முடியாது. சனியிடமிருந்து அங்கே போக 98 நாள். அந்த 98 நாளில் ஃபீபி 64 டிகிரி நகர்ந்திருக்கும். எனவே நீங்கள் சனிக்கு அருகே எரிக்கும் நேரத்தில், ஃபீபி அந்த இடத்துக்கு 64 டிகிரி பின்னால் இருக்க வேண்டும். ஆர்பிட் எம்எஃப்டியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இல்லையென்றால் காத்திருக்கலாம், எரிபொருள் செலவில்லாமல். 0.57 கி.மீ.யில் 33 மீட்டரைக் குறைவாக எரியுங்கள். சேய்மைப் புள்ளி 2 கோடி கி.மீ.க்குப் போய்விடும், ஒரு சுற்று 376 நாள் ஆகும். அதற்குள் ஃபீபி 246 டிகிரி நகர்ந்து வந்திருக்கும். திரும்ப சனிக்கு அருகே வரும்போது மீதி 33 மீட்டரை எரித்தால் கணக்கு தீர்ந்தது. 33க்குப் பதில் வேறு எண்ணைப் போட்டு, எந்தச் சுற்றுக்காலம் ஃபீபியைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரும் என்று நோட்டில் போட்டுப் பாருங்கள். காத்திருப்பு எவ்வளவு மலிவானது என்பது இந்தக் கணக்கைக் கையால் போட்டவர்களுக்குத்தான் உறைக்கும். பாதை டைட்டனின் சுற்றுப்பாதையைக் குறுக்கே கடக்கிறது. கடக்கும் நாளில் டைட்டன் அந்தப் பக்கம் இருந்தால் உங்கள் பாதை கோணிப்போகும், அதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஃபீபியின் பாதை வட்டமில்லாததால், சந்திக்கும் இடத்தில் அது சனியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்குமோ அந்த அளவுக்கே உங்கள் சேய்மைப் புள்ளியை வையுங்கள்.

கடைசியாக, பூமியிலிருந்து

இது வரைக்கும் வந்தவருக்கு இந்தப் பகுதி கடினமில்லை. சனிக்குக் கிளம்பும் வாய்ப்பு சுமார் 378 நாளுக்கு ஒருமுறை வரும். தாழ்ந்த பூமிப் பாதையிலிருந்து விநாடிக்கு 7.3 கி.மீ. எரிக்க வேண்டும், பயணம் ஆறு வருடம். டெல்டா-கிளைடரின் எரிபொருளில் இது நடக்கும். உண்மை ராக்கெட்டுக்கு இது பெரிய சுமை. அதனால்தான் காசினி வெள்ளியை இரண்டு முறையும், பூமியையும் வியாழனையும் தலா ஒரு முறையும் கடந்து வேகம் சேர்த்துக்கொண்டு, 1997 அக்டோபரில் கிளம்பி ஏறக்குறைய ஏழு வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. கிரகங்களுக்கிடையே பாதையைத் திட்டமிட உதவும் டிரான்ஸ்எக்ஸ், ஐஎம்எஃப்டி கருவிகள் இரண்டில் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டாம்.

சனியின் எந்தப் பக்கமாகப் போவது என்பதை வழியிலேயே முடிவு செய்துவிடுங்கள். போய்ச் சேர ஒரு வருடம் இருக்கும்போது விநாடிக்கு 1 மீட்டர் எரித்தால், சனியிடம் 31,500 கி.மீ. தள்ளிப் போய் நிற்பீர்கள். நேர்த்திசைப் பக்கத்திலிருந்து எதிர்த்திசைப் பக்கத்துக்கு மாறத் தேவையான தள்ளல் சுமார் 9 லட்சத்து 20 ஆயிரம் கி.மீ. கணக்குப் போட்டால் 29 மீட்டர். அதே வேலையை நூறு நாள் இருக்கும்போது செய்தால் 106 மீட்டர் ஆகும். மேலும் கீழுமாகத் தளத்தைச் சரிசெய்வதும் அந்த ஒரு வருட எரிப்போடு சேர்ந்தே முடியட்டும். ஃபீபியின் பாதை எக்ளிப்டிக்கிலிருந்து ஐந்து டிகிரி அளவே விலகியிருப்பதால் அது பெரிய எரிப்பாக இருக்காது.

ஃபீபியில் இறங்கியாகிவிட்டால், வியாழனின் ஹிமாலியாவுக்குப் போங்கள். 1904இல் சார்லஸ் பெரைன் கண்டுபிடித்தது, 250 நாளுக்கு ஒருமுறை நேர்த்திசையில் சுற்றுகிறது. பக்கம் மாற்றும் வேலை இல்லை, ஆனால் 28 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருப்பதால் தளத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். நெப்டியூனின் நெரீடு அதைவிடக் கடினம். மையப்பிறழ்ச்சி 0.75 என்பதால் கிட்டே வரும்போது ஒரு வேகம், தள்ளிப் போகும்போது முற்றிலும் வேறு வேகம். அங்கே போக நினைப்பவர்கள், எந்த மாதத்தில் சந்திப்பது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்குப் பிறகு எரிப்புக் கணக்கைத் தொடங்குங்கள். தூரப் புள்ளியில் சந்தித்தால் செலவு குறையும்.